தறி அட்டையும் உயிரியல் பாடமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் இருக்கிற திருபுவனத்தில் 31 வருடமாகப் பட்டுத்தறி நெய்கிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவன். என் மகள் இந்த வருடம் பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. செல் எப்படிப் புரதம் செய்கிறது என்கிற அவளுடைய பாடம் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீட் தேர்வுக்காக ஓரிடத்தில் பயிற்சிக்குச் சேர்த்திருந்தோம். அங்கே மரபுக் குறிகளைக் கட்டம் போட்டு எழுதிய ஒரு தாளைக் கொடுத்து, "64 குறியையும் மனப்பாடம் பண்ணிட்டு வா, விளக்கம் சொல்ல நேரமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று ராத்திரி முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். நாலாம் நாள் தறிப் பக்கம் வந்து உட்கார்ந்து, டிசைன் அட்டைகள் ஓடும் ஜக்கார்டு பெட்டியையே பார்த்தவள், "அப்பா, இந்த அட்டை எப்படி டிசைன் சொல்லுது?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து அந்த அட்டைச் சத்தத்தில் தூங்கி எழுந்த பிள்ளை.

டிசைன் முதலில் கிராஃப் தாளில் இருக்கும், அது பீரோவை விட்டு வெளியே வராது என்றேன். அதைப் பார்த்துக் குத்திய அட்டைதான் தறிக்கு வரும். ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், நீளவாக்கில் ஓடும் பாவு இழையை மேலே தூக்கும். ஓட்டை இல்லையென்றால் இழை அப்படியே கிடக்கும்.

அவள் புத்தகத்தைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தாள். புரதம் செய்யும் விவரம் எழுதியிருக்கிற டி.என்.ஏ. செல்லின் உட்கருவிலேயே இருக்கும். வேண்டிய பகுதி மட்டும் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு வெளியே வரும். அதைப் புரதம் செய்கிற தறியான ரைபோசோம் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும், மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு குறி. ஒவ்வொரு குறிக்கும் உரிய அமினோ அமிலத்தைக் கடத்து ஆர்.என்.ஏ. கொண்டுவந்து கொடுக்கும். அவை வரிசையாகக் கோக்கப்பட்டால் அதுதான் புரதம். பக்கத்தில் ஊடை நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்த என் மனைவி, "பச்சை கேட்டா பச்சை, அரக்கு கேட்டா அரக்குன்னு நான் தார் எடுத்துக் கொடுக்கிற மாதிரியா?" என்றாள். மகள் சிரித்துவிட்டாள். நாலு எழுத்தை மும்மூன்றாக அடுக்கினால் 64 வரும். அதில் 61 அமினோ அமிலங்களுக்கு, மீதி 3 'இத்தோடு நிறுத்து' என்பதற்கு. அமினோ அமிலம் 20 வகைதான் என்பதால் ஒன்றுக்கே பல குறிகள். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

முழுப் பொருத்தம் கிடையாது, அதையும் சொல்ல வேண்டும். அட்டை வருடக்கணக்கில் உழைக்கும். தூது ஆர்.என்.ஏ. சில மணி நேரத்திலோ சில நாளிலோ சிதைக்கப்பட்டுவிடும்.

அப்புறம் அவள் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பட்டே ஒரு புரதமாம். நல்ல பட்டா என்று பார்க்க இழையைக் கொளுத்தினால் முடி கருகுகிற நாற்றம் வரும். இரண்டும் புரதம் என்பதால்தான் அந்த ஒரே நாற்றம். பட்டில் இருக்கும் ஃபைப்ராயின் புரதத்தில் பெரும்பகுதி கிளைசின், அலனின், கிளைசின், அலனின், கிளைசின், செரின் என்று பார்டர் மாதிரி திரும்பத் திரும்ப வருகிறது. பட்டுப்புழுவின் சுரப்பியில் ஒரு மரபணுவிலிருந்து சுமார் 10,000 தூது ஆர்.என்.ஏ. படிகள், ஒவ்வொரு படியிலிருந்தும் சுமார் 1 லட்சம் புரதம், நாலே நாளில் 100 கோடி. 31 வருடம் விரலில் பிடித்த இழை இது. எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

பல வருடம் முன்பு அன்னப்பட்சி பார்டர் ஒன்று நெய்தேன். இரண்டு முழம் போன பிறகுதான் கவனித்தேன், எந்தப் பட்சிக்கும் கண்ணில் ஜரிகைப் புள்ளி இல்லை. ஒரே ஒரு அட்டையில், குத்தும்போது விழ வேண்டிய வட்டத் துணுக்கு விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் தட்டினேன், விழுந்தது. அடுத்த பட்சிக்குக் கண் வந்துவிட்டது. அந்தத் தப்பு கிராஃப் தாளிலேயே இருந்திருந்தால், எத்தனை முறை புதிதாக அட்டை குத்தினாலும் கண் வந்திருக்காது. அரிவாள் செல் நோய் அப்படிப்பட்டது என்று மகளுக்கு அன்றைக்கே புரிந்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறியதால், ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்துவிடுகிறது. அந்த மாற்றம் அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் வந்த பிள்ளைக்கு ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாளாக வளைகின்றன.

ரைபோசோமின் அமைப்பைக் கண்டு சொன்னதற்காக 2009இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பிறந்தது சிதம்பரத்தில். எங்களுக்குக் கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரம். இதையும் என் மகளுக்கு அந்தப் பயிற்சியில் யாரும் சொல்லவில்லை.

உங்கள் மாணவர் பக்கத்தில் வினா விடை போடுகிறீர்கள், சரி, அது வேண்டியதுதான். வாரம் ஒரு நாளாவது, பாடத்தை இந்தப் பக்கத்துத் தொழில்களை வைத்து விளக்கி எழுதச் சொல்லுங்கள். தறிக்காரன் பிள்ளை என்று வகுப்பில் சொல்லத் தயங்குகிற பிள்ளைகள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்கள் அதைப் படிக்க வேண்டும். ஆசிரியர்கள் யாராவது பிள்ளைகளை அழைத்து வந்தாலும் மகிழ்ச்சி. காலை 9 மணிக்குத் தறியில் உட்கார்ந்தால் மதியம் வரை நெய்வேன். அன்னப்பட்சியின் கண்ணை மறைத்த அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன், கையில் கொடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பட்டு நெசவாளர்,
திருபுவனம்.