லைசென்ஸ் கோப்பு இருக்கிறது, பார்த்தோம்

கட்டற்ற மென்பொருள் திட்டங்களைப் பராமரிப்போருக்கு,

வணக்கம். மூலநிரல் கோப்புகளின் உரிமத்தைத் தெளிவாக்கும்படி நாங்கள் பதிந்த வழு (குறை அறிக்கை), "லைசென்ஸ் கோப்புதான் இருக்கிறதே" என்ற ஒற்றை வரியோடு மறுபடியும் மூடப்பட்டிருக்கிறது.

இருக்கிறது, பார்த்தோம். அதில் உள்ளது ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு. உள்ளே போனால் பாதிக் கோப்புகளின் தலைப்பில் "ஜிபிஎல் பதிப்பு 2 மட்டும்". இவ்விரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. இரண்டையும் சேர்த்து ஒரே நிரலாகத் தொகுத்து வெளியிட யாருக்கும் அனுமதி இல்லை; பிறர் பங்களிப்பு கலந்திருந்தால் உங்களுக்கும்தான். பதிப்பு எண்ணே இல்லாமல் வெறுமனே "ஜிபிஎல்" என்றிருந்தாலாவது தப்பித்திருக்கலாம். அப்போது வெளியான எந்தப் பதிப்பையும் எடுத்துக்கொள்ள அந்த உரிமமே இடம் தருகிறது.

டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலுக்கு உங்கள் நிரலை நிறுவத்தக்க பொதியாக்கித் தருபவர், எந்தக் கோப்பு எந்த உரிமத்தில் வருகிறது என்று எழுதித் தர வேண்டும். அங்கே ஊகத்தை எழுத முடியாது. "பிஎஸ்டி" என்று இன்னொரு உரிமத்தின் பெயரை மட்டும் போட்டால், மூன்று பிரிவுள்ளதா, விளம்பரங்களில் மூல ஆசிரியரைக் குறிப்பிடச் சொல்லும் பிரிவோடு நான்கா? நான்கென்றால் ஜிபிஎல்லோடு சேராது. ஜேசன் உரிமம் "நன்மைக்கே பயன்படுத்துக, தீமைக்கல்ல" என்கிறது. அந்த நல்லெண்ணத்தாலேயே அது கட்டற்ற உரிமமாக ஏற்கப்படவில்லை. நல்லவர்களோடு இதுதான் தொல்லை.

கேட்பது கோப்புக்கு ஒரு வரி. முதல் வரியில் எஸ்பிடிஎக்ஸ் அடையாளம், அதாவது உரிமத்தைச் சுட்டும் சீரான குறியீடு: "ஜிபிஎல்-2.0-ஒன்லி" அல்லது "ஜிபிஎல்-2.0-ஆர்-லேட்டர்". வெறும் "ஜிபிஎல்-2.0" வேண்டாம், அது கைவிடப்பட்ட வடிவம். லினக்ஸ் கெர்னலில் 2017இல் 10,000க்கும் மேற்பட்ட கோப்புகளில் இந்த வரியைச் சேர்த்தார்கள். உங்களிடம் இருப்பவை இருநூறுகூட இராது.

ஒரு ஸ்கிரிப்ட் எழுதி எல்லாவற்றிலும் ஒரே வரியை ஒட்டிவிடாதீர்கள். பிறரிடமிருந்து எடுத்த கோப்பில் அதன் பழைய தலைப்பு அப்படியே நிற்க வேண்டும். தலைப்பில்லாத கோப்பு எப்போது, யார் வழியாக வந்தது என்று கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வரலாற்றில் தேடுங்கள். உரிமத்தை மாற்றுவதானால் அதை எழுதிய ஒவ்வொருவரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். ஒருவர் பதில் தரவில்லையென்றால் அவர் எழுதிய பகுதியை நீக்கிப் புதிதாக எழுதுவதே வழி. வரி சேர்க்க இடமில்லாத படங்களுக்கு, அதே பெயரின் பின்னால் ".லைசென்ஸ்" சேர்த்து ஒரு துணைக்கோப்பு வையுங்கள். உரிமங்களின் முழு உரை "லைசென்ஸஸ்" அடைவில் இருக்கட்டும். கடைசியில், இவற்றைச் சரிபார்க்கும் "ரீயூஸ் லின்ட்" கட்டளையை ஓட்டினால் விடுபட்டவை பெயரோடு வந்துவிடும்.

கோப்புக்கு ஒரு வரி, அவ்வளவுதான். மூடிய அந்த வழுவைத் தயவுசெய்து மறுபடி திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நிரலைப் பொதி செய்யக் காத்திருப்போர்