அறுபத்தோராம் நாள்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று நான்கு முறை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். பிள்ளை அழுகிற சத்தத்தில் நான் சொல்வதில் பாதி உன் காதில் விழுவதில்லை. மீதி என் வாயிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம். பால் கொடுக்கும்போது ஒரு கையில் பிடித்துக்கொண்டு படி. அவசரமில்லை.

தைப்பூசத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரலாமா என்று கேட்டிருந்தாய். சம்பந்தி அம்மா ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குக் கரும்புத் தொட்டில் நேர்ந்திருக்கிறார். மாப்பிள்ளையோ, இவ்வளவு தூரம் வருகிறோம், அப்படியே கேமரன் மலைக்கும் ஒரு நடை போய் வரலாம் என்கிறார். எதிர்வீட்டு அக்கா மூன்று மாதத்துக்கு வாசற்படி தாண்டவே கூடாது என்கிறார். ஆளுக்கொன்று சொல்லியாகிவிட்டது. எட்டு வருடம் ரப்பர் தோட்டத்து ஆயாக் கொட்டகையில், வேலைக்குப் போகிற ஊரார் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். என் பங்குக்கு நானும் சொல்கிறேன்.

நீ முதன்முதலில் வீட்டை விட்டு வெளியே போனது எந்த நாள் தெரியுமா? 61-ஆம் நாள். ஐயர் பார்த்துச் சொன்ன நாள் இல்லை. அந்தக் காலத்தில் மலேசியச் சட்டம் கொடுத்த பிரசவ விடுப்பு 60 நாள். நமக்கு நாள் குறித்தது செக்ரோல், தோட்டத்துச் சம்பளப் பதிவேடு. விடிகாலை நான்கரை மணி. அப்பா டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். உன்னைச் சேலையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். இரவு பெய்த மழையில் செம்மண் பாதை சறுக்கியது. இரண்டு அடிக்கு ஒரு முறை அப்பா திரும்பி என் காலடியில் வெளிச்சம் காட்டுவார். திரும்புகிறபோது அது உன் முகத்தில் அடிக்கும். நீ முகத்தைச் சுளிப்பாய். நான் அவரைத் திட்டுவேன். பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கூப்பிடுகிற வரிசைக்கு, நேரமாகிவிட்டதே என்று இரண்டு பேருக்கும் பதற்றம்.

கொட்டகையில் நீளமாக ஓர் உத்திரம். அதில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். அவளவள் பிள்ளைக்கு அவளவள் சேலை. யார் பிள்ளை அழுகிறது என்று ஆயா கேட்கவே வேண்டாம், சேலையைப் பார்த்தாலே போதும். உன்னுடையது மஞ்சள் கரை போட்ட பச்சைச் சேலை. ரப்பர் மரத்தில் கோடு வெட்டி முடித்து, வடிந்த பாலை எடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் நேரம் கிடைக்கும், அப்போது ஓடி வருவேன். கையை எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் ஒட்டுப்பால் வாடை போகாது. நீ அந்த வாடை வந்ததுமே கண்ணைத் திறக்காமல் வாயைத் திறப்பாய். பக்கத்துத் தொட்டில்காரி வந்தால் திறக்கமாட்டாய்.

நீ பரிதாபப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. புதுப்பிள்ளையை வெளியே எடுத்தால் காற்றுக் கறுப்பு பிடிக்கும் என்றால், நம் தோட்டத்தில் ஒரு பிள்ளைகூட மிஞ்சியிருக்காது. ஆனால் அன்று எங்களுக்கு வேறு வழியில்லை. உனக்கு 98 நாள் இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து சட்டம் அப்படி மாறியிருக்கிறது. நாள் குறிக்கும் உரிமை கையில் இருக்கும்போது அதைச் சொந்தக்காரர்களிடம் கொடுத்துவிடாதே.

நான் கொடுத்தேன். உனக்கு மூன்று மாதம்கூட நிறையவில்லை. ஈப்போவில் உன் பெரியப்பா வீட்டுக் கல்யாணம். வராவிட்டால் பேச்சு வரும் என்று பஸ் ஏறிப் போனோம். மண்டபத்தில் நுழைந்ததும் உன்னை என் கையிலிருந்து வாங்கினார்கள். திரும்ப என் கைக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பந்தியில் ஒரு வரிசை முழுக்க நீ கைமாறிப் போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொருவரும் ஒரு முத்தம். மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு கிழவியும் கொடுத்தாள். உறவில் பெரியவள், என்ன சொல்ல முடியும்? மூன்றாம் நாள் நீ மார்பைப் பிடிக்கவில்லை. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரசர் பார்த்தவுடன் லாரியை வரவழைத்துவிட்டார். ஆறு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தோம். கல்யாணத்துக்கு வந்தவர்களில் இரண்டு பேர்தான் எட்டிப் பார்த்தார்கள். அந்தக் கிழவி வரவில்லை.

அதனால் தைப்பூசத்துக்கு வேண்டாம். புந்தோங்கிலிருந்து கல்லுமலை வரை எத்தனை ஆயிரம் பேர் நடப்பார்கள், உறுமி எப்படி அதிரும் என்று உனக்கே தெரியும். நாற்பது நாள் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? நேர்த்திக்கடன் எங்கேயும் ஓடிப்போகாது; முருகன் வட்டி போடுகிற கடைக்காரர் அல்லர். கரும்பு அடுத்த ஆண்டும் விளையும். அப்போது அவன் தொட்டிலுக்குள் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பான், சம்பந்தி அம்மாவுக்கும் அழகாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். இதை நீ சொல்ல வேண்டாம். நானே கூப்பிட்டுப் பேசுகிறேன். உன் வாயில் வந்தால் மருமகள் மறுத்தாள் என்றாகும். நான் சொன்னால் கிழவிகள் சண்டை என்று போய்விடும்.

கேமரன் மலையும் இப்போது வேண்டாம். தாப்பாவிலிருந்து ஏறினால் வளைவுக்கு வளைவு வயிறு புரளும். ஏறும்போதும் இறங்கும்போதும் நமக்கே காது அடைக்கிறது. மாப்பிள்ளைக்குக் குளிர்காற்று வேண்டுமென்றால் ரயிலில் கிடைக்கும்.

இரண்டாம் மாதத் தடுப்பூசி போட்ட பிறகு வா. ஆறு நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசி. கக்குவானும் அதில் அடக்கம். கொட்டகையில் கக்குவான் இருமலைக் கேட்டவள் நான், இதில் மட்டும் என்னோடு வாதாடாதே. ஊசி போட்ட மறுநாளே கிளம்பிவிடாதே, காய்ச்சல் வரலாம். நான்கைந்து நாள் போகட்டும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய அதே அறுபதாம் நாளைத் தாண்டித்தான் வருகிறது, பார்.

காரில் வேண்டாம், ரயிலில் வா. விடுமுறைக் கூட்டத்தில் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் மூன்று மணி நேரம் ஏழு மணி நேரமாகும். பிள்ளையை அவ்வளவு நேரம் இருக்கையில் கட்டிப்போட முடியாது, எடுத்து மடியில் வைத்துக்கொள்ளவும் கூடாது. ரயிலில் அவன் உன் நெஞ்சிலேயே வரலாம். ஜன்னலோர இருக்கையாக எடு, மாப்பிள்ளை நடைபாதைப் பக்கம் உட்காரட்டும். நீ நிம்மதியாகப் பால் கொடுக்கலாம். அந்த ரயிலின் ஏர்கான் ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும். தொப்பி, காலுறை, ஒரு போர்வை. இறங்கியதும் எல்லாவற்றையும் கழற்றிவிடு, நம் ஊர் வெயில் தெரியும்தானே. நெஞ்சோடு துணியில் கட்டித் தூக்குகிறாய் என்றால் அவன் முகம் எப்போதும் உன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தாடை நெஞ்சில் மடிந்துவிடக்கூடாது, மூச்சு அடைக்கும்.

நிலையத்திலிருந்து வீட்டுக்கு அண்ணன் காரில் வரலாம். அவன் தன் மகளுக்கு வாங்கிய குழந்தை இருக்கை இருக்கிறது, பிறந்த பிள்ளைக்கும் பொருந்துகிற வகை. இரண்டு வாரமாக அதைத் துடைத்து, பின்பக்கம் பார்த்தபடி பொருத்தி வைத்திருக்கிறான். "பத்து நிமிட தூரம், மடியில் வைத்துக்கொள்ளலாமே" என்றார் அப்பா. 2020-இலிருந்து சட்டம் என்று அண்ணன் சொன்னான். சட்டமோ இல்லையோ, மோதுகிற லாரி பத்து நிமிட தூரம் என்று பார்த்தா மோதும் என்று நான் சொன்னேன். வாயை மூடிக்கொண்டார்.

இனி முக்கியமானது. பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்து, பிள்ளைக்கு ஜி6பிடி என்கிற நொதி குறைவு என்று சொன்னார்களே, அன்றிலிருந்து எனக்குப் பாச்சை உருண்டை மீதுதான் கண். அந்த வெள்ளை உருண்டையின் வாடை இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது, ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் ஏறிவிடும் என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொன்னார். போன வாரம் உன் தொட்டில் சேலையை எடுக்கலாம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதும் குப்பென்று அடித்தது. பச்சைச் சேலையின் மடிப்புக்குள் பாதி கரைந்த உருண்டை இரண்டு, மிளகு அளவுக்குத் தேய்ந்து கிடந்தன. முப்பது வருடமாகப் பத்திரமாக வைத்ததே அந்த உருண்டைகள்தாம். சேலையைத் துவைத்தேன், மூன்று நாள் வெயிலில் போட்டேன். மூக்கில் வைத்துப் பார்த்தால் இன்னும் லேசாக இருக்கிறது. எனக்கு மனதில்லைதான், ஆனால் அதில் அவனைப் போடப்போவதில்லை. பசார் பக்கத்துக் கடையில் புதிதாக ஒரு பருத்திச் சேலை வாங்கிவிட்டேன். வீட்டில் அலமாரி, கழிவறை, காலணித் தட்டு எல்லாவற்றிலிருந்தும் உருண்டைகளை எடுத்துப்போட்டாயிற்று.

என் வீடு சுத்தம். நீ போகிற மற்ற வீடுகளுக்கு யார் பொறுப்பு? அத்தை வீட்டுக்குப் போனால் அலமாரியிலிருந்து பட்டுத் துண்டை எடுத்துப் பிள்ளைக்குப் போர்த்துவார்கள், ஆசைதான். முன்கூட்டியே கேட்டுக்கொள். தைலத்தை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு வருகிறவர்களையும் தடுத்துவிடு. சேனை என்று நாக்கில் தேன் தடவ வந்தால் ஒரு வயது வரை கூடாது என்று சொல்லிவிடு. தண்ணீரும் ஆறு மாதம் வரை வேண்டாம். கண்ணேறுக்குக் கன்னத்தில் பொட்டு வை, கண்ணுக்குள் மை தீட்டாதே. "கிளினிக்கில் திட்டுவார்கள்" என்று பழியை மிஸ்ஸி மேல் போடு, அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். தூக்குவதற்கு முன் கை கழுவச் சொல்ல வெட்கப்படாதே. முத்தம் வேண்டுமென்றால் காலில் கொடுக்கட்டும். மூன்று மாதத்துக்குள் உடம்பு 38 டிகிரி காட்டினால் மருந்துக்கடைக்குப் போகாதே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ.

இன்னொன்று. மாப்பிள்ளை என்னிடம் தனியாகப் பேசினார். அவரைக் கோபிக்காதே. வேலை முடிந்து வரும்போது நீ விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாயாம், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாயாம், அழுத முகமாம். பதினான்காம் மாடியில், பிரசவப் பத்தியம் பார்க்க வந்திருந்த பெண்மணியும் போன பிறகு, நீயும் பிள்ளையும் நான்கு சுவரும். தோட்டத்தில் எங்களுக்கு எல்லாக் கஷ்டமும் இருந்தது, ஆனால் இந்தக் கஷ்டம் இல்லை. கொட்டகைக்குப் போனால் பத்துப் பெண்கள் இருப்பார்கள். ஒருத்தி தூங்கவில்லை என்றால் ஒன்பது பேரும் தூங்கவில்லை என்பார்கள், சிரித்துவிட்டுப் போவோம்.

ஆகவே சுங்கை சிப்புட்டுக்கு வருவது இருக்கட்டும். நாளைக் காலை எட்டரைக்குள், வெயில் ஏறுவதற்கு முன், அவனைத் தூக்கிக்கொண்டு லிப்டில் கீழே இறங்கு. அவ்வளவுதான். மரத்தடியில் கால்மணி நேரம் உட்கார். காவலாளியிடம் இரண்டு வார்த்தை பேசு. பிள்ளை தூங்கிக்கொண்டுதான் இருப்பான். அவனுக்கு இந்த வயதில் எந்த ஊரும் ஒன்றுதான். காற்று வேண்டியது உனக்கு. மறுநாள் மூலைக்கடை வரை போ, ஒரு தே தாரேக் வாங்கிக் குடி. பையில் இரண்டு பேம்பர்ஸ், ஒரு மாற்றுச் சட்டை, ஒரு துண்டு போதும். பாதி வீட்டைச் சுமந்துகொண்டு போகாதே. வழியில் அழுதால் திரும்பி வா, யார் என்ன சொல்லப்போகிறார்கள்? அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் விடவில்லை என்றால், பிள்ளையைக் காட்டப் போகும்போது உன்னைப் பற்றியும் மிஸ்ஸியிடம் சொல். உன்னையும் பார்ப்பது அவர்கள் வேலைதான். அதற்கும் முன்னால் என்னிடம் சொல். மறுநாள் ரயிலில் நான் அங்கே இருப்பேன்.

இங்கே வந்தால் பத்து நாளாவது இரு. காலையில் கலாசாலைப் பக்கம் நடக்கலாம், நிழல் இருக்கிறது. பகலில் நீ தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைப்பேன்.

டிக்கெட் எடுத்ததும் பெட்டி எண்ணை அப்பாவுக்கு அனுப்பு. பகல் ரயிலாகப் பார்த்து எடு. அவர் டார்ச் லைட்டைத் தேடி எடுத்துப் புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறார். பகலில் எதற்கு என்று கேட்டால், ரயில் தாமதமாகலாம் என்கிறார்.

அம்மா