கேஸ் டிடெக்டரை எங்கே மாட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் மாவட்டத்து ஓட்டல் சமையலறைகளில், கேஸ் கசிந்தால் அலாரம் அடிக்கும் கருவியான கேஸ் டிடெக்டரை ஆள் உயரத்துக்கு மேல், புகை அலாரத்தின் பக்கத்திலேயே மாட்டிவிடுகிறார்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடுதான் படரும். ஆகவே கருவி தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்துக்குள், அடுப்பிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தண்ணீர் தெறிக்கும் இடம் ஆகாது. குழாயில் வரும் இயற்கை எரிவாயு லேசானது. அதற்கு மட்டுமே கூரையோரம் சரி.

சிலிண்டர் கேஸ் காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். அதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்குள் அலாரம் அடிக்க வேண்டும். கருவிக்குள் வாயுவை உணரும் பாகம்தான் சென்சார். மலிவான டின் ஆக்சைடு சென்சார், சாராய ஆவிக்கும் வாசனை ஸ்பிரேக்கும்கூட அலறும். கடலோர ஈரத்தில் அதன் அளவும் மாறும். பிளாட்டினக் கம்பிச் சுருள் கொண்ட வினையூக்கி சென்சார் அதைவிட நம்பகமானது. ஆனால் சிலிக்கோன் ஸ்பிரே, சிலிக்கோன் பசை ஆகியவற்றின் ஆவி பட்டால் செத்துவிடும். பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். இதுதான் பெரிய ஆபத்து. அகச்சிவப்பு சென்சாருக்கு அந்த விஷம் ஏறாது, விலைதான் அதிகம்.

பலர் லைட்டர் வாயுவை ஊதிச் சோதிக்கிறார்கள். அளவுக்கு மீறிய வாயு சென்சாரைக் கெடுக்கும். சரியான அளவில் அடிக்குமா என்பதும் தெரியாது. அளவு குறித்த சோதனை வாயுவைக் கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதே முறை. கருவியின் பின்புறம் காலாவதித் தேதி இருக்கும். அது தாண்டினால் மாற்றியே ஆக வேண்டும்.

தேங்காய்ப்பட்டணம், குளச்சலிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகளை நினைத்தால்தான் கவலை கூடுகிறது. அங்கே சமையல் சிலிண்டரிலிருந்து கசியும் வாயு எஞ்சின் அறைக்கு இறங்கித் தேங்கும். ஸ்டார்ட்டரின் ஒரு பொறி போதும். அந்த அறையின் அடிமட்டத்தில், மூடிய உறையுள்ள டிடெக்டர் ஒன்று வேண்டும். இணைப்பு முனைகளில் உப்பு பூத்துத் துருவேறாமல் அடிக்கடி துடைக்க வேண்டும். அலாரம் அடித்தால் எஞ்சினையோ எந்த ஸ்விட்சையோ தொடக்கூடாது. ரெகுலேட்டரை மூடி, எஞ்சின் அறையின் மேல்மூடியைத் திறந்துவிட வேண்டும். கரையில் என்றால் கதவுகளைத் திறந்து வெளியே வந்த பிறகே கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-ஐ அழைக்க வேண்டும்.

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது நடக்கும் படகு ஆய்வில் இந்த டிடெக்டரின் உயரத்தையும் காலாவதித் தேதியையும் மீன்வளத் துறை பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
எரிவாயுக் கருவி பராமரிப்பாளர்கள்,
நாகர்கோவில்.