ஊழியத்துக்கு அனுப்பும் சபைகள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சண்டையும் கடத்தலும் ஓயாத நாடுகளுக்கு நம் வேலூர், ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து செவிலியர்களும் குருக்களும் கன்னியர்களும் ஊழியத்துக்குப் போகிறார்கள். 1853-ல் ஸ்கடர் குடும்பத்தார் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய மண் இது. மிஷனெரிகளின் பாடுகளை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வழியனுப்பு ஆராதனை நடத்தி, பொன்னாடை போர்த்தி, காணிக்கை எடுத்துக் கொடுத்ததோடு சபையின் வேலை முடிந்துவிடுகிறது. அவர்கள் உயிரோடு திரும்பி வருவதற்கான ஏற்பாடுகளில் பெரும்பகுதி, விமானம் ஏறும் முன் இங்கேயே செய்ய வேண்டியவை.

தூதரகப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் 15-ல் சூடானில் சண்டை மூண்டதுமே தலைநகர் கார்ட்டூமின் விமான நிலையம் முடங்கியது. இந்திய அரசின் 'ஆபரேஷன் காவேரி' மீட்புப் பணியில் நம்மவர்களைப் பேருந்துகளில் போர்ட் சூடானுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கப்பலிலும் விமானத்திலும் சவூதியின் ஜெட்டாவுக்கு அனுப்பினார்கள். யார் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் தூதரகத்தால் கூப்பிட முடியும். விசிட் விசாவில் போய், எங்கும் பெயர் கொடுக்காமல் வேலை பார்க்கிற செவிலியர் தூதரகத்தின் பட்டியலில் இருக்க மாட்டார். போய்ச் சேர்ந்த வாரமே பதிவு செய்ய வேண்டும். ஊர் மாறினாலும் சிம் மாறினாலும் திருத்த வேண்டும். பாஸ்போர்ட்டை நிர்வாகத்தின் பீரோவில் பூட்டிவைக்க விடவே கூடாது. ஊரே ஓடும்போது சாவி வைத்திருப்பவர் முதலில் போயிருப்பார்.

தூதரகமே இல்லாமலும் போகலாம். ஏமனிலிருந்த நம் தூதரகம் 2015-ல் ஜிபூட்டிக்கு மாறியது. அதற்குப் பிறகும் தாங்கள் நடத்திய முதியோர் இல்லத்தை விட்டு வராமல் ஏமனின் ஏடன் நகரில் தங்கிய கன்னியர்கள்மீது 2016 மார்ச் 4-ல் தாக்குதல் நடந்தது. அன்னை தெரசா சபைக் கன்னியர் நால்வர் உட்பட 16 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கிருந்து கடத்தப்பட்ட ஃபாதர் டாம் உழுன்னாலில் 2017 செப்டம்பரில்தான் மீண்டார். தங்கியதைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. ஆனால் எந்த நிலைமை வந்தால் கிளம்புவது, அந்த முடிவு யாருடையது என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். வாசலில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும்போது கமிட்டி கூட்டிப் பேச முடியாது.

நம் சிவகங்கை மாவட்டத்து ஃபாதர் அலெக்சிஸ் பிரேம்குமார் 2014 ஜூனில் ஆப்கானிஸ்தானின் ஹெராத் அருகே, ஒரு பள்ளிக்குப் போயிருந்த இடத்தில் கடத்தப்பட்டார். எட்டு மாதத்துக்கு மேல் சிறைப்பட்டிருந்தார். இப்படி நடந்தால் 'அவர் எங்களிடம்தான் இருக்கிறார்' என்று சம்பந்தமில்லாதவர்களும் போன் செய்து பணம் கேட்பார்கள். அதனால் ஊழியர் கிளம்பும் முன், தனக்கு மட்டுமே தெரிந்த இரண்டு மூன்று கேள்வி பதில்களை எழுதி, உறையில் ஒட்டி, சபைத் தலைமையிடம் கொடுத்துவிட வேண்டும். போன் செய்பவரிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டு, சரியான பதில் வந்தால்தான் அவர் உயிருடன் இருக்கிறார் என்று நம்பலாம். வீட்டில் ஒருவர் மட்டுமே போனில் பேசட்டும். டிவி பேட்டி வேண்டவே வேண்டாம்; உருக்கமான பேட்டி கடத்தியவனின் காதுக்குப் போனால் கேட்கிற தொகை ஏறும்.

தங்குமிடத்தில் தினப்படி பழக்கம் முக்கியம். வெடிச்சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போய்ப் பார்ப்பதுதான் பலரும் செய்வது, அதனாலேயே குண்டடிபடுகிறார்கள். வெளிப்புறத்துக்கும் நமக்கும் நடுவில் இரண்டு சுவராவது இருக்கிற உள்அறையில் தரையோடு படுக்க வேண்டும். செக்போஸ்டில் காரின் உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, கைகள் தெரியும்படி உட்கார வேண்டும். செல்போனைக் கையில் எடுக்கவே கூடாது. அவசரப் பையில் வைக்கும் டாலரைக்கூடப் பார்த்து வாங்க வேண்டும்: 2006-க்கு முன் அச்சான நோட்டையும், மடிப்பு கிழிந்த, பேனா கிறுக்கிய நோட்டையும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் வாங்க மாட்டார்கள்.

அங்கே பயன்படுத்தும் துரையா, இரிடியம் சாட்டிலைட் போனை விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தால் நம் விமான நிலையத்திலேயே வழக்கு ஆகும். இந்தியாவில் அவற்றுக்குத் தடை இருக்கிறது. சாதாரண டிராவல் இன்சூரன்ஸில் போரும் உள்நாட்டுக் கலவரமும் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். பிரீமியத்தை மட்டும் பார்க்காமல் விலக்குகள் பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு 10 நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கிறது, உடைத்தால் சில மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். ஆகவே நினைத்த நாளில் போய் நின்றால் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ஓய்வுபெற்ற பிறகு ஊழியத்துக்குப் போகிறவர்கள், 60 வயதைத் தாண்டியிருந்தால், டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

மலேரியாதான் அதிகம் ஏமாற்றுகிறது. மலேரியா வராமல் தடுக்க டாக்சிசைக்ளின் மாத்திரை எடுத்துக்கொள்கிறவர்கள் ஊர் திரும்பியும் நான்கு வாரம் தொடர வேண்டும். வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்ததும் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். பிறகு காய்ச்சல் வந்தால் இங்குள்ள மருத்துவர் டெங்கு, டைபாய்டு, உண்ணிக் காய்ச்சல் என்றுதான் முதலில் யோசிப்பார். ஆப்பிரிக்காவின் ஃபால்சிபாரம் வகை மலேரியா ஓரிரு நாளில் மூளையைத் தாக்கிவிடும். எந்த நாட்டிலிருந்து வந்தோம் என்பதைச் சொல்லி, அன்றைக்கே மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். வீட்டாருக்கும் இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். காய்ச்சலில் புலம்புகிறவர் தானாகச் சொல்ல மாட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்