இரத்மலானை – பலாலி: தூரமும் நேரமும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீதிவழியே உள்ள ஏறத்தாழ 400 கிலோமீற்றரையே விமானத் தூரமாகவும் பலர் எண்ணிக்கொள்கின்றனர். கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானை விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரமோ சுமார் 330 கிலோமீற்றர்தான். மணிக்கு ஏறத்தாழ 340 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் செஸ்னா கரவன் போன்ற சிறு விமானம், மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் வேகம் குறைவதால், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும், ஏ.டீ.ஆர். 72 என்னும் பெரிய விமானம் அதைவிட விரைவாகச் சென்றுவிடும். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில், எதிர்க்காற்றில் கொழும்பு திரும்பும் விமானத்துக்குச் சில நிமிடங்கள் கூடலாம்.

ஆயினும், பறக்கும் நேரத்தை மட்டும் நம்பி எவரும் புறப்பட முடியாது. சிறு விமானங்களில் பொதிகளோடு பயணிகளையும் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்ப்பது வழக்கம். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி நெரிசலில் இரத்மலானையை அடைவதே பெரும்பாடு. பலாலியில் இறங்கிய பின்னரும் யாழ். நகருக்கு 15 கிலோமீற்றருக்கு மேல் வீதிப்பயணம் உண்டு. கொழும்பு மருத்துவமனைகளில் நேரம் குறித்துவிட்டு முதியோரை அழைத்துவரும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு மிக முக்கியமானது.

எனவே, விமானச் சேவை நிறுவனங்கள் தமது நேர அட்டவணையில் பறக்கும் நேரத்தையும், நிலையத்துக்கு வந்துசேர வேண்டிய நேரத்தையும் தமிழில் தனித்தனியே குறிப்பிட வேண்டுமெனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.