தோட்டத்துச் சாளைகளை உடைப்போர் மீது வழக்குப் பதியவும், வேலிகளுக்கு நடுவில் போகிற இட்டேரிப் பாதைகளில் இரவு ரோந்து வரவும் கேட்டு மனு

அனுப்புநர்:
காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் தோட்டங்களில் குடியிருந்து விவசாயம் செய்பவர்கள்

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
திருப்பூர் மாவட்டம்

பொருள்: தோட்டத்துச் சாளை, மோட்டார் ரூம் உடைப்பு, ஒயர் திருட்டு, பொருள் சேதம் தொடர்பாக

ஐயா, வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். எங்கள் பக்கம் ராத்திரியில், மோட்டார் சாமான் வைக்கிற கொட்டகைகளான சாளைகளை உடைத்து மோட்டார் ஒயர், ஸ்டார்ட்டர், மருந்தடிக்கிற மிஷின் என்று கையில் அகப்பட்டதை எல்லாம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், தூக்க முடியாததை அடித்து நொறுக்கிவிட்டுப் போகிறார்கள். புகார் கொடுக்கப் போனால், புகாரை வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். ரசீது தருகிறார்கள், அதோடு சரி. பூட்டிய சாளையை உடைப்பதும் கட்டடத்தை உடைத்துத் திருடுவதுதான் என்று எடுத்துக்கொண்டு, முதல் ஒயர் போகும்போதே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். எங்கள் முக்கியமான கோரிக்கை இதுதான், மற்றவை எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

சாளை என்றால் வெறும் தகரக் கொட்டகை, அதில் என்ன பெரிதாக இருக்கப்போகிறது என்று கேட்கிறார்கள். மோட்டாருக்கு உண்டான அத்தனை சாமானும் அதில்தான் இருக்கிறது. ஸ்டார்ட்டர் பெட்டி, கெப்பாசிட்டர், சொட்டுநீர் பில்டர், சுருட்டி வைத்த லேட்டரல் பைப், உர மூட்டை, விதை, மம்மட்டி, கடப்பாரை, களத்தில் காய்ந்து விலைக்குக் காத்திருக்கிற கொப்பரை மூட்டை, பக்கத்திலேயே கட்டுத்தறியில் மாடு கன்று. இங்கே ஊர் என்பது வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கிற ஊர் இல்லை. அவரவர் தோட்டத்தில் அவரவர் வீடு, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் தென்னந்தோப்பு, இல்லை என்றால் கிளுவை வேலி போட்ட கொறங்காடு. கொறங்காட்டில் பகலில் ஆடு மாடு மேயும், ராத்திரியில் ஆள் நடமாட்டமே இருக்காது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை. போதாக்குறைக்கு ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ராத்திரி முழுக்கத் தென்னை மட்டையை அடித்துக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நின்று இரும்பை நெம்பினாலும் காதில் விழாது. அந்த மாதங்களில்தான் எங்களுக்கு அதிகமாகத் திருட்டுப் போகிறது.

போன ஆனியில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். எங்களில் ஒருவரின் சாளைக்குக் கதவு இரும்பு, பூட்டும் நல்ல பூட்டு. அதனால் கதவுப் பக்கமே போகவில்லை. கூரை மேல் ஏறி சிமெண்டு சீட்டைப் பிடித்திருக்கிற ஜே போல்ட்டுகளைப் பதறாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு சீட்டை மட்டும் நகர்த்தி உள்ளே இறங்கியிருக்கிறார்கள். ஸ்டார்ட்டரில் இருந்து போர்வெல் குழி வரைக்கும் போகிற ஒயரை இரண்டு பக்கமும் வெட்டி உருவி எடுத்திருக்கிறார்கள். போகும்போது மெயின் பெட்டியைக் கல்லால் உடைத்து, மாடு தண்ணி குடிக்கிற தொட்டிக்குள் மது பாட்டிலைப் போட்டு நொறுக்கி, லேட்டரல் சுருளைக் கத்தியால் குறுக்கே கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். கீறின பைப்பால் அவர்களுக்கு ஐந்து பைசா பிரயோஜனம் கிடையாது. காலையில் தேடிப் போனபோது வாய்க்கால் கரையில் ஒரு கருப்புக் குவியல் கிடந்தது, ஒயரின் மேல்தோலை எரித்த சாம்பல். எரித்துத் தாமிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தொட்டிக்குள் கிடந்த கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கி எடுத்து முடிக்கிற வரைக்கும் மாடு கன்றுகளுக்கு வாளியில்தான் தண்ணி காட்டினோம்.

அப்போது காட்டில் சின்ன வெங்காயம் காய் வைக்கிற பருவம். வெங்காயத்தின் வேர் மேலாகத்தான் இருக்கும், தண்ணி தவறினால் காய் ஊறாது. புது ஒயர் வாங்கி, ஸ்டார்ட்டர் மாற்றி, ஆளைக் கூப்பிட்டு மாட்டுவதற்குள் தண்ணி தவறிவிட்டது. திருட்டுப் போன ஒயருக்குக் கணக்கு போடுகிறவர்கள் வாடின வெள்ளாமையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இனி சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில், திருட்டுப் போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, திருடியவன் முதல் தடவையாகத் தண்டிக்கப்படுகிறவனாக இருந்து, பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. இந்த 5,000 ரூபாயை மனதில் வைத்துக்கொண்டுதான் நிலையத்தில் முதல் கேள்வியே "ஒயர் எத்தனை ரூபாய் இருக்கும்?" என்று வருகிறது. ஆனால் எங்களுக்கு நடந்தது வெட்டவெளியில் கிடந்த ஒயரை எடுத்த திருட்டு இல்லை. பொருளைப் பத்திரமாக வைக்கிற கட்டடத்துக்குள் புகுந்து திருடினால் 305ஆம் பிரிவு, ஏழு வருடம் வரைக்கும் தண்டனை, அதில் பொருளின் மதிப்பு என்ற பேச்சே கிடையாது. ராத்திரியில் உடைத்துப் புகுந்ததற்கு 331ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. அப்புறம் 326ஆம் பிரிவையும் தயவுசெய்து பாருங்கள், விவசாயத்துக்குப் போகிற தண்ணி குறையும்படி சேதம் செய்தால் ஐந்து வருடம் வரைக்கும் தண்டனை என்று அதில் இருக்கிறது. ஓடுகிற மோட்டாரின் ஒயரை வெட்டியதும் ஸ்டார்ட்டரை உடைத்ததும் அதில் வராமல் வேறு எதில் வரும்? இத்தனை பிரிவு இருக்கும்போது சாளை உடைப்பு ஒரு துண்டு ரசீதோடு முடிந்து போவதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. நிலையத்தில் வழக்குப் பதியவில்லை என்றால் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம் என்று குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவு சொல்கிறது. அதன்படிதான் இந்த மனுவைக் கொடுக்கிறோம், கையில் இருக்கிற ரசீதுகளின் நகல்களையும் இதோடு வைத்திருக்கிறோம்.

சின்னத் திருட்டுக்கு ஏன் இவ்வளவு என்று நினைக்க வேண்டாம். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேரைக் கொன்றார்கள். 2025இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதியைக் கொன்றார்கள். அந்தக் கொலைகளுக்கும் எங்கள் ஒயர் திருட்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீடுகளில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் வேலைக்குப் போய்விட்டார்கள், தோட்டத்தில் இருப்பது பெரும்பாலும் அறுபது தாண்டிய அப்பாவும் அம்மாவும்தான். எந்த இட்டேரி எங்கே போய் முட்டும், எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த வீட்டில் கிழவனும் கிழவியும் மட்டும் இருக்கிறார்கள் என்பதெல்லாம் சாளையை உடைக்க வருகிறவனுக்கு நன்றாகத் தெரிகிறது. அவனை இப்போதே பிடிக்க வேண்டும் என்று நாங்கள் கெஞ்சிக் கேட்பது இதற்காகத்தான்.

எங்கள் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. கொண்டியை வெளியே தெரியாதபடி பெட்டிக்குள் வைத்து வெல்டிங் அடித்திருக்கிறோம், ஜே போல்ட்டு நட்டுகளையும் கழற்ற முடியாதபடி பற்ற வைத்திருக்கிறோம். ஒயரை ஜி.ஐ. பைப்புக்குள் விட்டு மண்ணுக்குள் புதைத்து மேலே கான்கிரீட் போட்டிருக்கிறோம், முடிந்தவர்கள் சோலார் லைட்டும் கேமராவும் மாட்டியிருக்கிறோம். எல்லோராலும் இந்தச் செலவு செய்ய முடியாது, குத்தகைக்கு ஓட்டுகிறவர் அடுத்தவர் சாளைக்குக் கான்கிரீட் போடுவாரா? தவிர, சத்தம் கேட்டதும் தடியை எடுத்துக்கொண்டு இருட்டுக்குள் போகிற வேலையை எங்கள் பெரியவர்கள் செய்யக் கூடாது என்று நாங்களே சொல்லி வைத்திருக்கிறோம். 112க்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறோம். கூப்பிட்டால் வண்டி வந்து நிற்பது கரூர்–கோவை மெயின் ரோட்டில், அங்கிருந்து எந்த இட்டேரியில் திரும்புவது என்று வருகிற காவலர்களுக்குத் தெரிவதில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது, போர்டும் இல்லை, லைட்டும் இல்லை. ஆகவே ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு நம்பர் போட்டு, இட்டேரி முக்கில் அந்த நம்பரை எழுதி வைத்து, நிலையத்தில் ஒரு வரைபடம் வைத்துக்கொண்டால் பாதி சிக்கல் தீர்ந்துவிடும். பெயின்ட், போர்டு செலவு எங்களுடையது, வரைபடத்தையும் நாங்களே போட்டுத் தருகிறோம்.

ரோந்துக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போடுகிற பட்டா புத்தகம் இப்போது பேங்கு வாசலிலும் கோயிலிலும்தான் இருக்கிறது. தோட்டங்களுக்கு உள்ளேயும் நாலைந்து இடத்தில் வையுங்கள், வாய்க்கால் பாலத்தில் ஒன்று கட்டாயம் வேண்டும், ஏனென்றால் திருட வண்டியில் வருகிறவர்கள் வாய்க்கால் கரைப் பாதையில்தான் வருகிறார்கள், அதிலேயேதான் திரும்பிப் போகிறார்கள். குறிப்பாக ஆனி முதல் ஆவணி வரைக்கும் நடுராத்திரிக்கு மேல் ஒரு ரவுண்டு வந்தாலே போதும், நீல லைட்டு தோப்புக்குள் தெரிந்தாலே எங்கள் பெரியவர்களுக்குத் தைரியம் வந்துவிடும்.

பழைய இரும்புக் கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எரித்த தாமிரத்தை வாங்குகிற ஆள் இருக்கிறவரைக்கும் திருடுகிறவன் வந்துகொண்டேதான் இருப்பான். எரித்த தாமிரம் கருத்துப்போய் இருக்கும், பார்த்தாலே தெரியும். புது வீட்டு வேலையில் மிஞ்சிய ஒயரை யாரும் எரித்துக் கொண்டுவர மாட்டார்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் 317ஆம் பிரிவில் குற்றம்தான். விற்க வருகிறவரின் அடையாள அட்டை நகல், வண்டி நம்பர், எடை எல்லாம் எழுதுகிற நோட்டு ஒன்று கடையில் இருக்க வேண்டும், அதைக் காவலர்கள் மாதம் ஒரு தடவையாவது திடீரென்று போய்ப் பார்க்க வேண்டும். நேர்மையாகக் கடை நடத்துகிறவர்களுக்கு இதில் எந்தச் சங்கடமும் இல்லை.

மாவட்ட ஆட்சியர் நடத்துகிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு உங்கள் அலுவலகத்தில் இருந்து ஒரு அதிகாரி வந்து, சாளை உடைப்புப் புகார்களில் எத்தனைக்கு எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்று அந்தந்த மாதக் கணக்கைச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இதோடு வைத்திருக்கிற ரசீதுகளில் முதலாவதாக இருப்பது மேலே சொன்ன ஆனி மாதத்துப் புகார். கூரை சீட்டு, உடைந்த மெயின் பெட்டி, எரித்த சாம்பல் எல்லாவற்றுக்கும் அன்று காலையில் எடுத்த போட்டோ இருக்கிறது. அந்தப் புகாருக்கு முதலில் எஃப்.ஐ.ஆர். போட்டு, அதன் நகலை எங்களுக்குக் கொடுக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கீழே கையெழுத்திட்டுள்ள தோட்டக்காரர்கள், குத்தகைதாரர்கள்