மக்கா, அது கிராஸ்தான்

மக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்திருந்தேன். உனக்குத் தெரிந்திருக்கும். தூத்தூர் கரையில் யார் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் அரை மணி நேரத்தில் கடற்கரை வரைக்கும் செய்தி போய்விடும். உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. மைதானத்துக்குத்தான் போனேன். உன் மகன் கோலியாக, கோல் காக்க நின்றான்.

நிற்கிற நிற்பு அப்படியே நீ. முழங்காலை லேசாக மடக்கி, இரண்டு கையையும் இடுப்புக்கு வெளியே விரித்து, பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போதுகூட வாய் ஓயாமல் டிஃபென்ஸைத் திட்டிக்கொண்டு. நேராக வந்த ஷாட் இரண்டைப் பாய்ந்து பிடித்தான், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் கார்னர் வந்தால், ஓரத்திலிருந்து ஃப்ரீ கிக் வந்தால், கோட்டோடு ஒட்டிக்கொள்கிறான். கைக்கெட்டும் தூரத்தில் மிதந்து வந்த பந்தை எடுக்கக்கூட வெளியே வரவில்லை. இரண்டாவது கோல் அப்படித்தான் விழுந்தது.

பக்கத்தில் நின்றவர் சொன்னார், "அவன் அப்பன் சொல்லிக் கொடுத்தது அது. கோட்டை விட்டு வராதேன்னு." இன்னொருவர், ஊர் உனக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லி, "சீமன் மகன் வேற எப்படி நிப்பான்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அன்று ராத்திரி தூங்க முடியவில்லை.

இதை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். என் நம்பரை நீ எடுக்கமாட்டாய் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நான் அன்றைக்குச் சொன்னது எல்லார் முன்னிலையிலும். திருத்துவதும் எல்லார் முன்னிலையிலும்தான் இருக்க வேண்டும். நம் கரையில் இதைப் படிக்கப்போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அதனால் சில விஷயங்களை விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். விட்டது எது என்று உனக்குப் புரியும்.

2002 ஜூன் 21, வெள்ளிக்கிழமை. உலகக் கோப்பைக் கால்பந்து காலிறுதி, இங்கிலாந்தும் பிரேசிலும். ஜப்பானில் ஷிசுவோகாவில் பிற்பகல் மூன்றரை, நமக்கு உச்சிப்பொழுது. வெளியே மழை, கடல் அடித்துக்கொண்டிருந்தது, வள்ளமெல்லாம் மேட்டில். கிளப் கொட்டகையில் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை. எல்லாரும் பிரேசில். இங்கிலாந்தின் ஓவன் கோல் போட்டதும் அங்கே விழுந்த அமைதியும், இடைவேளைக்கு முன்னால் ரிவால்டோ திருப்பிப் போட்டதும் உனக்கு நான் சொல்ல வேண்டாம். 50-வது நிமிஷம், கிளெபர்சனை ஸ்கோல்ஸ் சாய்த்ததற்கு ஃப்ரீ கிக். வலது பக்கம், சுமார் 40 கஜத்துக்கு வெளியே. பிரேசிலின் ரொனால்டினோ அடித்தார். பந்து எல்லார் தலைக்கும் மேலே போய், பின்னால் நகர்ந்த இங்கிலாந்து கோலி டேவிட் சீமனின் தலைக்கும் மேலே போய், கம்பிக்குக் கீழே இறங்கியது. கூரை பிய்ந்துகொண்டு போகும் என்று நினைத்தேன். ரொனால்டினோ அடுத்த ஏழு நிமிஷத்தில் சிவப்பு அட்டை வாங்கிப் போனதைக்கூட யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நீ ஒருவன்தான் எழுந்திருக்கவில்லை. பிரேசில் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே, "கோலி செஞ்சது சரி" என்றாய்.

அதற்கப்புறம் அந்த மழைக்காலம் முழுக்க நமக்கு அதுதான் சண்டை. வலை பின்னுகிற இடத்தில், டீக்கடையில், பள்ளிக்கூடத் திண்ணையில். கிராஸா, அதாவது கூட்டாளியின் தலைக்குத் தூக்கிப் போட்டதா, இல்லை கோலுக்கு அடித்ததா? நாங்கள் பத்துப் பேர் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். டீ கிளாஸையும் தீப்பெட்டியையும் வைத்து நீ விளக்கியது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அந்த இடத்திலிருந்து யாராக இருந்தாலும் பின் போஸ்ட்டுக்கு, தூரத்துக் கம்பத்துக்குத்தான் தூக்குவான். தூக்கப்போகிறான் என்றால் கோலி கோட்டிலே நிற்கக் கூடாது, சில அடி முன்னால் வந்து நிற்க வேண்டும், உடம்புப் பாரம் முன்காலில் இருக்க வேண்டும். வெளியே வந்து பந்தைப் பறிக்கிறவன்தான் கோலி. அப்படி நிற்கிறவன் தலைக்குப் பின்னால் பந்து இறங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. எட்டடி உயரக் கம்பி. பின்னோக்கி நடந்துகொண்டே குதிக்கிறவனுக்கு உயரம் கிடைக்காது. "அவன் தப்பு பண்ணல மக்கா, சரியானத பண்ணி தோத்துட்டான்" என்றாய்.

நான் நயீமை எடுத்துக்கொண்டு வந்தேன். 1995 மே மாசம், பாரிஸ், ஐரோப்பாவில் கோப்பை வென்ற கிளப்புகளுக்கான கோப்பையின் இறுதியாட்டம், சீமன் ஆர்சனல் கோலி. 120-வது நிமிஷத்தில் ஸரகோசாவின் நயீம் அத்தனை தூரத்திலிருந்து தூக்கி அடித்த பந்து இதே சீமனைத் தாண்டித்தான் போனது. ஒரே ஆள் இரண்டு தரம் ஏமாந்தால் அது காற்றின் குற்றமா என்று கேட்டேன். நீ விடவில்லை. அது ஓடுகிற ஆட்டத்தில் வந்தது, கூடுதல் நேரத்தின் கடைசி மூச்சில் வந்தது, அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு என்றாய். அப்புறம், சீமன் முன்னால் வந்து நிற்பார் என்று பிரேசில் கேப்டன் கஃபு முன்பே சொல்லியிருந்ததாக ரொனால்டினோ பேட்டியில் சொன்னார் என்று பேப்பரில் வந்ததும், அதை மடித்துக்கொண்டு ஓடிவந்து உன்னிடம் காட்டினேன். நீ படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாய். "அடிச்சவன் அப்படித்தான் சொல்லுவான். அடிச்சவன கேக்காத, பந்த கேளு."

அன்றைக்கு உன்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் நான்தான் முதல் ஆள்.

2004 ஜனவரி. திருவிழாக் கோப்பை இறுதியாட்டம். அந்த வருஷம் நான் ஏன் பக்கத்து ஊர் டீமுக்கு ஆடினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அப்பாவின் படகுக் கடன் எவ்வளவு இருந்தது என்று உனக்குத் தெரியும், வாசலில் யார் வந்து நின்றார்கள் என்றும் தெரியும். அதற்கு மேல் வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு ஆடினேன், அதை மறைக்கவில்லை. ஊருக்கு எதிராக ஆடினேன் என்று சொல்கிறவர்கள் ஒருவரும் அந்தக் கடனுக்கு ஒரு ரூபாய் நீட்டவில்லை. நீயும்தான்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும். ஒன்றுக்கு ஒன்று. வலது ஓரம், பாதிக் கோட்டுக்குச் சற்று முன்னால் எங்களுக்கு ஃப்ரீ கிக். மாலைக் கடல்காற்று தென்னை ஓலையை எல்லாம் ஒரே பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தது. ஓடிவந்து அடித்தேன். கால் பந்துக்கு அடியில் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. நீ சரியாகத்தான் முன்னால் வந்து நின்றிருந்தாய். மூன்று எட்டு பின்னால் வைத்தாய், நான்காவதில் மணலில் கால் புதைந்தது.

மக்கா, அடிப்பதற்கு முன்னால் நான் உன்னைப் பார்க்கவே இல்லை. பின் போஸ்ட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற எங்கள் ஸ்டாப்பரைத்தான் பார்த்தேன். அவன் தலைக்குத்தான் போட்டேன். அது கிராஸ்தான்.

20 வருஷத்துக்கு மேல் ஆகிறது இந்த ஒரு வரியை எழுத.

பரிசு கொடுத்து முடித்த பிறகு, கோயிலுக்குப் பின்னால் குழாயடியில், அந்த இடத்துக்கு நான் எத்தனை தரம் போய் வந்துவிட்டேன் மனசுக்குள். நீ முகம் கழுவிக்கொண்டிருந்தாய். திருவனந்தபுரத்தில் வாங்கின அந்தக் கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கியிருந்தாய், அதிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டிருந்தது. என்னைச் சுற்றி ஏழெட்டுப் பேர். தோளில் கை போட்டபடி டீம் நடத்தியவர், அவர் சட்டைப்பையில் என் கவர். நீ முகத்தைத் துடைக்காமல் அப்படியே வந்தாய். உன் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாதிச் சிரிப்புகூட இருந்தது. மெதுவாகத்தான் கேட்டாய்.

"மக்கா, நேரா சொல்லு. கிராஸ் போட்டியா, கோலுக்கு அடிச்சியா?"

அடித்தவனைக் கேட்காதே என்று ஊரெல்லாம் சொன்ன நீ, என்னிடம் வந்து கேட்டாய். ரொனால்டினோ சொன்னதை நம்பாத நீ, நான் சொன்னால் நம்புவதற்குத் தயாராக வந்தாய். "கிராஸ்" என்று நான் சொல்லியிருந்தால், "பாத்தியாலே, ஷிசுவோகா!" என்று என் முதுகில் ஒன்று போட்டிருப்பாய். அதோடு முடிந்திருக்கும்.

நான் உன்னைப் பார்க்காமல் உன் கையுறையைப் பார்த்துச் சொன்னேன். "நீ வெளிய வந்தத பாத்துத்தான் அடிச்சேன்."

அந்த வார்த்தைகூட என்னுடையது இல்லை. அந்தப் பேப்பரில் படித்தது. யாரோ "ரொனால்டினோ!" என்று கத்தினார்கள், யாரோ உன்னைப் பார்த்து "சீமன்!" என்றார்கள். நீ "சரி" என்றாய். அவ்வளவுதான். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டு போய்விட்டாய்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல விதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்துக் கூட்டிவந்த ஆட்டக்காரன், காசு கொடுத்தவர் தோளில் கை போட்டிருக்கும்போது, தெரியாமல் விழுந்த கோல் என்று சொல்ல முடியுமா? எனக்கு 21 வயது. முதல் தரமாக ஒரு கூட்டம் என்னைத் தூக்கியிருந்தது. இதெல்லாம் உண்மை. ஆனால் இன்னொன்றும் உண்மை. அது கிராஸ் என்றால் நீ நின்ற இடம் சரி, யார் மீதும் பழி இல்லை. நான் பார்த்து அடித்தேன் என்றால் நீ முட்டாள். இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். தெரிந்தேதான் சொன்னேன்.

மன்னித்துவிடு.

ஆனால் நீயும் எல்லார் முன்னிலையிலும் கேட்டிருக்கக் கூடாது. ராத்திரி கடற்கரையில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், சத்தியமாகச் சொல்லியிருப்பேன். நீ ராத்திரி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அடுத்த மாசம் கிளப்பை விட்டே போனாய். ஒரே ஒரு கோலுக்காக! அதற்குள் நீ தடுத்தது எத்தனை, அதெல்லாம் உனக்கே கணக்கில் வரவில்லையா? அப்பா இறந்தபோது உன் வீட்டிலிருந்து எல்லாரும் வந்தார்கள், நீ வரவில்லை. கடலில் இருந்தாய் என்றார்கள். உன் போட் அன்றைக்குத் துறைமுகத்தில் நின்றதை நான் பார்த்தேன். இதை நான் மறக்கவில்லை. மன்னிப்புக் கேட்கிறவன் இதைச் சொல்லக் கூடாதுதான். சொல்லாமல் விட்டால் இதுவும் இன்னொரு பொய்யாகப் போய்விடும்.

சீமன் அன்றைக்கு மைதானத்திலேயே அழுதார். 38 வயது. அதே வருஷம் அக்டோபரில் மெசிடோனியாவுக்கு எதிராகக் கார்னரிலிருந்து நேராக ஒரு கோல் வாங்கினார், இங்கிலாந்துக்கு அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது. பத்திரிகைகள் எப்படி எழுதியிருக்கும் பார்த்துக்கொள். ஆனால் அவர் கையுறையைக் கழற்றி வைக்கவில்லை. 2003 ஏப்ரலில் இங்கிலாந்து கிளப்புகளின் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, ஷெஃபீல்டு யுனைடெடுக்கு எதிராக. அந்த டீமின் பெஷிசொலிடோ மிகப் பக்கத்திலிருந்து தலையால் தள்ளிய பந்து அவரைத் தாண்டிப் போய்விட்டது என்றே எல்லாரும் நினைத்த நேரத்தில், பின்னோக்கிப் பாய்ந்து வலது கையால் அதை வெளியே தோண்டி எடுத்தார். தொழில்முறை ஆட்டமாக அவருக்கு அது 1,000-ஆவது. அடுத்த மாசம் ஆர்சனல் கேப்டனாக அந்தக் கோப்பையையும் தூக்கினார். இதை யூடியூப்பில் பார்க்கும்போதெல்லாம் உன் நினைவுதான். பின்னோக்கிப் பாய்கிறவனுக்கு உயரம் கிடைக்காது என்றாயே, கிடைத்தது மக்கா.

சீமன் என்றால் கடலோடி என்று அர்த்தம். அந்தப் பெயரை உனக்கு வைத்தவர்களுக்கு அது தெரியாது. நீ கோல் கம்பத்தை விட்டுவிட்டு ஆழ்கடலுக்குத்தான் போனாய்.

ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் கடைசி. நம் கரையில் அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, விளக்கவும் என்னால் முடியாது. உன் போட்டைப் பற்றி எட்டு நாள் தகவல் இல்லை. உன் அம்மா கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். இவன் திரும்பி வந்தால் முதல் வேலையாக அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவேன் என்று நேர்ந்துகொண்டேன். லட்சத்தீவில் நீ கரையேறிய செய்தி வந்தது. நீ ஊர் வந்து சேர்ந்த அன்று உன் வாசலில் ஊரே நின்றது. நான் தெரு முனை வரைக்கும் வந்தேன். எத்தனையோ வீடுகளில் ஆள் திரும்பாத வாரத்தில் ஒரு பந்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்று திரும்பிப் போனேன். அது நியாயமான காரணம்தான். ஆனால் அதற்குப் பிறகு வந்த வருஷங்களுக்கு என்னிடம் காரணம் இல்லை.

இப்போதும் உன் மகனைப் பார்த்திருக்காவிட்டால் எழுதியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. நீ பட்டதோடு போகும் என்று இருந்துவிட்டேன். நான் சொன்னதை நம்பி, நீ சரியாக நின்றதைத் தப்பு என்று முடிவு கட்டி, அந்தத் தப்பைப் பிள்ளைக்குச் செய்யாதே என்று சொல்லி வளர்த்திருக்கிறாய். அவனுக்கு உன் கை இருக்கிறது, உன் கண் இருக்கிறது. வெளியே வரப் பயப்படுகிறான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. மூன்று மணிக்கு முன்னால் வந்துவிடுவேன். கமிட்டியில் பேசி, ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு நிமிஷம் மைக் கேட்டிருக்கிறேன். நீ வந்துதான் ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் பையனை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. ஓரத்திலிருந்து நீயே பந்தைத் தூக்கிப் போடு. முன்னால் வந்து எடுக்கச் சொல்லு.